பக்ஸ்கின் இடுக்கில் மூன்று நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்கோடியில், அரிசோனா எல்லையை ஒட்டி இருக்கும் பக்ஸ்கின் கல்ச்சைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். பாலைவனப் பாறையை வெள்ளம் அறுத்து உண்டாக்கிய இடுக்கு அது. இந்த மாதிரி இடத்தை அங்கே ஸ்லாட் கேன்யன் என்பார்கள். பல இடங்களில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படும். சுவரின் உயரமோ நூறு அடி, இருநூறு அடி என்று ஏறிக்கொண்டே போய் கடைசியில் 400 அடியைத் தாண்டிவிடும். நீளம் ஏறக்குறைய 15 மைல். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பாதிப் பேர் எப்போது போகலாம், எப்படிப் போகலாம் என்று கேட்டிருக்கிறார்கள், ஒருவர் விமான டிக்கெட்டே போட்டுவிட்டார். அதனால் இந்த இதழில் முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். ஜூலை மாதம் வரும் நீண்ட வார இறுதியில்தான் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிறது. மூன்று நாளில் முடியுமா? எந்த வழியில் இறங்குவது? (கலிபோர்னியாவிலிருந்து ஒரு வாசகர்)

மூன்று நாளில் தாராளமாக முடியும். ஆனால் ஜூலையில் போகாதீர்கள். ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை அந்தப் பக்கத்துக்கு இடிமழைக் காலம். மதியம் வரை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டு மணிக்கு மேல் எங்கிருந்தோ மேகம் திரளும். ஏப்ரல் கடைசி, மே, ஜூன் முதல் பாதி, இல்லையென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர், இவைதான் ஓரளவு நம்பக்கூடிய மாதங்கள். லீவை அதற்கு ஏற்ற மாதிரி மாற்ற முடியாது என்றால் இந்த வருடம் வேறு இடம் பாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

வழி இதுதான். யூட்டாவின் கேனாப் ஊருக்கும் அரிசோனாவின் பேஜ் ஊருக்கும் நடுவே நெடுஞ்சாலை 89 போகிறது. அதிலிருந்து ஹவுஸ் ராக் வேலி சாலை என்ற மண் சாலையில் தெற்கே எட்டு மைல் சொச்சம் போனால் வயர் பாஸ் தொடக்க இடம் வரும். அங்கிருந்து ஒரு சின்ன இடுக்கு வழியாக 1.7 மைல் நடந்தால் பக்ஸ்கின்னில் சேர்வீர்கள். சேரும் இடத்தில் பாறையில் காட்டு ஆடுகளைப் பழங்குடி மக்கள் கொத்தி வைத்திருக்கிறார்கள், அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள், கையால் தொடவும் வேண்டாம். அப்புறம் பன்னிரண்டு மைல் போல இடுக்குக்குள்ளேயே நடை. அது முடிகிற இடத்தில் பரியா ஆறு வந்து சேரும். அங்கிருந்து இடது பக்கம் திரும்பி ஆற்றின் எதிர்ப்போக்கில் ஏழரை மைல் நடந்தால் வைட் ஹவுஸ் என்ற இடத்தில் வெளியே வரலாம், மொத்தம் 21 மைல் போல ஆகும். வலது பக்கம் திரும்பி ஆற்றோடு இறங்கினால் கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் லீஸ் ஃபெரி வரை போகலாம், அது மொத்தம் 44 மைல் அளவுக்கு வரும், நான்கைந்து நாள் வேண்டும். முதல் முறை போகிறவர்கள் வைட் ஹவுஸில் முடிப்பதே போதும். இரண்டு கார் இருந்தால் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையே ஒன்றை அங்கே விட்டுவிடுங்கள்.

முதல் நாள் மதியம் மெதுவாக இறங்கி நடுவில் எங்காவது தங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இடுக்குக்குள் தங்க இடம் கிடையாது. சங்கமத்துக்குக் கால் மைல் முன்னால்தான் மேட்டில் மணல் திட்டுகள் வரும், கூடாரம் அங்கேதான். ஆகவே முதல் நாளே பதின்மூன்று மைல் கடந்தாக வேண்டும். விடியும்போது வயர் பாஸில் நில்லுங்கள்.

கேள்வி: பாலைவனம் என்கிறீர்கள், வெள்ளம் என்றும் எழுதுகிறீர்கள். மழையே பெய்யாத இடத்தில் வெள்ளம் எப்படி? (தென்காசியிலிருந்து ஒரு வாசகர்)

உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். குற்றாலத்தில் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலைமேல் எங்கோ பெய்த மழை அருவியில் திடுதிப்பென்று இறங்கும், பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதேதான். வித்தியாசம் என்னவென்றால், மலைமேல் மழையைப் பிடித்து வைக்கக் காடு இருக்கிறது. யூட்டாவில் அது இல்லை. பெரும்பாலும் வெறும் பாறை, மெல்லிய மண், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புதர். விழுகிற மழையில் பெரும்பங்கு அப்படியே வழிந்து ஓடும். இத்தனை அகலத்தில் விழுந்த தண்ணீர் கடைசியில் நீங்கள் நிற்கிற ஐந்தடி இடுக்குக்குள்தான் நுழைய வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடுக்கைச் செய்ததே வெள்ளம்தான். நவஹோ மணற்பாறை என்று அதற்குப் பெயர், சுமார் 19 கோடி வருடங்களுக்கு முன்னால் காற்று குவித்த மணல் மேடுகள் இறுகிக் கல்லானது. சுவரில் சாய்வாக ஓடும் வரிகளைப் பார்க்கலாம், அந்தக் காலத்து மணல் மேட்டின் சரிவுகள்தான் அவை. அந்தக் கல்லின் வெடிப்பில் மணலும் கூழாங்கல்லும் கலந்த வெள்ளம் புகுந்து அரம் போல அராவி அராவி இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கிக்கொண்டும் இருக்கிறது. நடந்து போகும்போது ஒரு கட்டத்தில் அண்ணாந்து பார்த்தேன், என் தலைக்கு மேலே இரண்டு மாடி உயரத்தில் ஒரு முழு மரத்தின் தண்டு இரண்டு சுவருக்கும் நடுவே செருகிக்கிடந்தது. பட்டை எல்லாம் உரிந்து எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. அதை யாரும் ஏற்றி வைக்கவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் ஓடியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பக்கத்தில் ஏறி நிற்க ஒரு திண்டுகூட இல்லாத இடம் அது.

1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்டலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர். அன்று காலை பெர்மிட் கொடுத்தபோதே வெள்ள அபாயம் இருப்பதாக அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பக்ஸ்கின்னிலேயே 2023 மார்ச்சில், அதாவது இடிமழைக் காலம் தொடங்க இன்னும் மாதக்கணக்கில் இருந்தபோது, மூன்று பேர் போன குழுவில் இருவர் வெள்ளத்தில் இறந்தார்கள். மே மாதம் பாதுகாப்பானது என்று மேலே நான் எழுதவில்லை, ஓரளவு நம்பலாம் என்றுதான் எழுதினேன். அந்த 'ஓரளவு' முக்கியம்.

கேள்வி: பெர்மிட் எப்படி வாங்குவது?

இரவு தங்கப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு மொத்தம் 20 பேர்தான், ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. அமெரிக்க நில மேலாண்மைத் துறை ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் மாதங்களுக்கு முன்பே விற்கிறது, மே மாதத்துத் தேதிகள் சீக்கிரம் போய்விடும். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கும் பெர்மிட் உண்டு, அதற்கு ஆள் கணக்கு கிடையாது. அதே வயர் பாஸிலிருந்து 'தி வேவ்' என்ற புகழ்பெற்ற பாறைக்கும் போவார்கள். அது வேறு பெர்மிட், குலுக்கல் முறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஆறு ஓடுகிறது, வழியில் தண்ணீர்க் குட்டைகளும் இருக்கின்றன என்று எழுதினீர்கள். நல்ல ஃபில்டர் ஒன்று இருந்தால் தண்ணீர் சுமக்க வேண்டாம்தானே? (டல்லாஸ் வாசகி)

சுமக்க வேண்டும், வேறு வழியில்லை. பக்ஸ்கின்னில் நம்பிக் குடிக்கிற மாதிரி ஊற்று ஒன்றுகூட இல்லை. குட்டைகள் எல்லாம் வெள்ளம் விட்டுப்போன தேக்கம், சிலவற்றில் விழுந்து செத்த விலங்குகள் மிதக்கும், வாடை முன்கூட்டியே வந்துவிடும். பரியா ஆற்று நீரில் வண்டல் அதிகம், ஃபில்டரைப் பத்து நிமிடத்தில் அடைத்துவிடும். பரியா என்ற சொல்லுக்கே அந்தப் பகுதியின் பயூட் மொழியில் சேற்று நீர் என்றுதான் பொருள். மேலே பண்ணைகளும் மேய்ச்சலும் இருப்பதால் ஃபில்டர் பிடிக்காத ரசாயனமும் அதில் வரலாம். நல்ல ஊற்றுகள் சங்கமத்துக்குக் கீழே, லீஸ் ஃபெரி போகும் வழியில் இருக்கின்றன, பிக் ஸ்ப்ரிங் அதில் ஒன்று. வைட் ஹவுஸ் பக்கம் திரும்புகிறவர்களுக்கு அது வழியில் வராது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. நான் முதல் நாளுக்கும் இரவுச் சமையலுக்குமாக ஆறு லிட்டர் தூக்கிக்கொண்டு போனேன், முதுகில் ஆறு கிலோ அதுவே. இரண்டாம் நாளுக்குப் பரியா தண்ணீரை மடக்கு வாளியில் பிடித்து, ஒரு சிட்டிகை படிகாரம் போட்டுக் கலக்கி, இரவு முழுக்க அசைக்காமல் வைத்தோம். ஊரில் பாட்டி குடத்தில் படிகாரத்தைச் சுழற்றுவாரே, அதே வேலைதான். காலையில் அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சேறு, மேலே தெளிந்த தண்ணீர். அதை மெல்லச் சாய்த்து ஃபில்டர் செய்தோம். ஆனால் இதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை சுமந்து போகிற தண்ணீரையே நம்புங்கள். கோடை முற்றிவிட்டால் சங்கமத்துக்கு மேலே ஆறே வறண்டு கிடப்பதும் உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, தினமும் ஐந்து மைல் நடக்கிறவர். எங்களோடு வருகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். மகனுக்கு 9 வயது. கூட்டிப்போகலாமா? (பீனிக்ஸ் வாசகர்)

மூன்று நாள் நடைக்கு வேண்டாம். அப்பாவின் நடையில் எனக்குச் சந்தேகம் இல்லை, அங்கே வெறும் நடை மட்டும் இருந்தால் அவர் உங்களையே முந்திவிடலாம். இரண்டு இடங்களுக்காகச் சொல்கிறேன்.

ஒன்று, செஸ்பூல் என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் குட்டைகள், பாதி வழியைத் தாண்டியதும் வரும். சில வருடம் வற்றியிருக்கும், சில வருடம் மார்பு வரை இருக்கும். நாங்கள் போனது மே நடுவில், மேலே நல்ல வெயில். எங்களுக்கு இடுப்புக்கு மேல் தண்ணீர். சூரிய வெளிச்சமே படாத தண்ணீர் என்பதால் ஐஸ் மாதிரி இருந்தது. முதுகுப்பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, கைத்தடியால் முன்னால் குத்திப் பார்த்துக் குத்திப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்தோம், ஒரு இடத்தில் தடி பாதி வரை சேற்றில் இறங்கியது. மூன்றாவது குட்டையைக் கடந்து வெளியே வந்ததும் கூட வந்த நண்பர் உலர்ந்த சட்டை எடுக்கப் பையைத் திறக்கப் பார்த்தார், பையின் கிளிப்பை அமுக்க விரல் வரவில்லை. கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார், பல் தந்தியடித்தது. நான்தான் கழற்றிக் கொடுத்தேன். அவருக்கு வயது 34. பாலைவனத்தில் குளிரால் உடம்பு விறைக்கும் என்று அதுவரை நான் உண்மையாக நம்பியதில்லை. நியோப்ரீன் என்ற ரப்பரில் செய்த காலுறை, தண்ணீர் புகாத பைக்குள் ஒரு செட் கம்பளித் துணி, இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஈரமானால் காயாத பருத்தி வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, சங்கமத்துக்கு ஒன்றரை மைல் முன்னால் வரும் பாறை அடைப்பு. பெரிய பாறைகள் உருண்டு வந்து வழியை அடைத்திருக்கின்றன, பதினைந்து இருபது அடி கீழே இறங்க வேண்டும். பழங்காலத்து மக்கள் பாறையில் வெட்டிய கால்குழிகள் இருக்கின்றன, ஆனால் தேய்ந்து வழுக்கும். முன்னால் போனவர்கள் கட்டிவிட்டுப் போன கயிறு தொங்கும், அதை நம்பி உடம்பை விடாதீர்கள், எத்தனை வெள்ளம் பார்த்த கயிறு என்று யாருக்குத் தெரியும்? சொந்தமாகப் பன்னிரண்டு மீட்டர் கயிறு கொண்டுபோய் முதலில் பைகளை இறக்குங்கள், பிறகு ஆள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அந்த அடைப்பு உருமாறும் என்பதால் போகிற வாரம் எப்படி இருக்கிறது என்று நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் பரியா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். இடுக்கின் நடுவில் வெளியேற இருப்பது ஒரே ஒரு வழி, எட்டாவது மைல் போல வரும் மிடில் ரூட். அதுவும் பாறையில் தொற்றி ஏறுகிற வழிதான், படிக்கட்டு இல்லை.

அப்பாவையும் மகனையும் வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் வயர் பாஸ் வழியாகப் பக்ஸ்கின் முகப்பு வரை கூட்டிப்போய்த் திரும்புங்கள். அந்த வழியிலும் ஓர் ஆள் உயரத்துக்கு இறங்க வேண்டிய இடம் வரலாம், பையனைத் தூக்கிவிடலாம், அப்பாவுக்கு முடியவில்லை என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பிறகு அதே மண் சாலையில் தெற்கே போனால் வெர்மிலியன் மலைமுகட்டின் கீழ் கலிபோர்னியா காண்டோர் கழுகுகளைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அழியும் நிலைக்குப் போன அந்தப் பறவைகளை 1996 முதல் அங்கே பறக்க விட்டு வருகிறார்கள், இறக்கையில் எண் வில்லை மாட்டியிருக்கும். பைனாகுலர் கொண்டுபோனால் உங்கள் மகனே எண்ணைப் படித்துச் சொல்வான்.

கேள்வி: சாப்பாடு? புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

முதல் நாள் மதியத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. அப்புறம் அவல், சத்துமாவு, கடலை மிட்டாய், சப்பாத்தியும் பொடியும். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை என்பதை மனதில் வைத்து மெனு போடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு உள்ள எதையும் அங்கே சமைக்காதீர்கள். நெருப்பு மூட்டக்கூடாது, சின்ன கேஸ் அடுப்புக்குத் தடை இல்லை.

கேள்வி: கேட்கத் தயக்கமாக இருக்கிறது அக்கா, கழிப்பறைக்கு என்ன செய்வது?

தயங்காதீர்கள், கேட்காமல் போகிறவர்களால்தான் தொல்லை. மலத்தை அங்கே புதைக்கக் கூடாது. உள்ளே பொடி போட்ட கெட்டியான பை ஒன்று இருக்கும், அதில் கழித்து, மூடி, முதுகுப்பையில் வெளியே எடுத்து வர வேண்டும், இது விதி. பொடி ஈரத்தை இழுத்துக் கெட்டியாக்கிவிடும், நாற்றம் வெளியே வராது. ஆளுக்கு நாளைக்கு ஒன்று, கூட ஒன்று. மாதவிடாய் அணையாடைகளும் இப்படியேதான் வெளியே வர வேண்டும், அதற்குத் தனியாக ஒரு ஜிப் பை வையுங்கள். ஒதுங்க மறைவிடம் கிடைக்காத தூரம் நிறைய வரும், அந்த நேரத்தில் மற்றவர்கள் ஒரு வளைவு முன்னால் போய்க் காத்திருப்பது என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் இதை முதல் நாள் இரவே பேசிவிட்டோம், பிறகு யாருக்கும் சங்கடம் வரவில்லை.

கேள்வி: சாட்டிலைட் கருவி வாங்கிவிட்டேன். தனியாகப் போகலாமா?

வேண்டாம். 400 அடிச் சுவர் நடுவே வானம் ஒரு நாடா அளவுக்குத்தான் தெரியும், கருவிக்கு சாட்டிலைட் கிடைக்காமல் போகலாம். 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் இதே யூட்டாவின் புளூஜான் கேன்யனில் தனியாகப் போனார், ஒரு பாறை நழுவி அவருடைய வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது, ஐந்து நாளுக்குப் பிறகு கையைத் தானே அறுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள், எங்கே ஏறுகிறீர்கள், எந்த நாள் எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். மணி எழுதும்போது ஒரு விஷயம்: கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும், அரிசோனா தள்ளாது. எல்லையில் நிற்கும் போனில் நேரம் மாறி மாறிக் காட்டும். எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: மே மாதத்துக்கு நான்கு பேருக்குப் பெர்மிட் கிடைத்தது, விமான டிக்கெட், கார், ஓட்டல் எல்லாம் போட்டாயிற்று. அந்த வாரம் மழைக்கு 30 சதவீதம் வாய்ப்பு என்று வந்தால் என்ன செய்வது? இவ்வளவு செலவு செய்துவிட்டுத் திரும்புவதா? (நியூ ஜெர்சி வாசகர்)

திரும்புவதுதான். கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் திட்டம் போடுகிற எல்லோரும் இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பணம் கட்டிய பிறகு, நண்பர்கள் ஊர் ஊராகப் பறந்து வந்து ஓட்டலில் உட்கார்ந்திருக்கும்போது, 'பார்த்துக்கொள்ளலாம் வாருங்கள்' என்று ஒருவர் சொன்னால் மற்ற மூன்று பேரும் எழுந்துவிடுவார்கள்.

நான் முதல் தடவை போனபோது திரும்பி வந்தவள். அக்டோபர் முதல் வாரம், நான்கு மாதத்துக்கு முன்பே எடுத்த பெர்மிட். முந்தின நாள் அலுவலகத்தில் இருந்த ரேஞ்சர் அம்மாவிடம் போய் நின்றோம். அவர் போகாதே என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அவர்கள் வேலை இல்லை. வானிலை அறிக்கையை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நீங்கள் உள்ளே இருக்கப்போகிற நேரத்தில் மேலே இங்கே மழை, என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். அவர் விரல் இருந்த இடம் நாங்கள் போகும் இடத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்தது. வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் விவாதம் செய்தோம், ஒருவர் கோபித்துக்கொண்டார். வானம் அப்போது நீலமாகத்தான் இருந்தது. அன்று அந்த இடுக்கில் வெள்ளம் வந்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை. வந்திருந்தாலும் வராவிட்டாலும் எங்கள் முடிவு சரியானதுதான்.

நீங்கள் பார்க்க வேண்டியது பேஜ் ஊர் மழையை மட்டும் இல்லை. பரியாவின் தலைப்பகுதி பிரைஸ் கேன்யன் பக்கம் இருக்கிறது, பக்ஸ்கின்னுக்குத் தண்ணீர் வரும் மேட்டு நிலமும் வேறு. அந்தப் பகுதிகளின் முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க வானிலைச் சேவை தெற்கு யூட்டாவுக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளாக ஒவ்வொரு நாளும் சொல்கிறது. நீங்கள் உள்ளே இருக்கும் எல்லா நாளும் மிகக் கீழ்ப் படியில், அதாவது வெள்ளம் எதிர்பார்க்கப்படவில்லை என்று இருந்தால் மட்டும் இறங்குங்கள். அதற்கு ஒரு படி மேலே போனாலே பயணம் கிடையாது. இறங்கிய பிறகு வானம் மாறினால் மிடில் ரூட் வரை வந்துவிட்டோமா, இல்லை திரும்பி வயர் பாஸே கிட்டவா என்று எந்த நேரத்திலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மழை வந்தால் ஹவுஸ் ராக் சாலையின் களிமண் வழுவழுத்துப் போய் காரும் நகராது, அதையும் கணக்கில் வையுங்கள்.

மாற்று இடங்களையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே நெடுஞ்சாலை ஓரத்தில் டோட்ஸ்டூல்ஸ் என்று காளான் மாதிரி நிற்கும் பாறைகள் இருக்கின்றன, ஒரு மணி நேர நடை. பேஜ் பக்கத்தில் ஹார்ஸ்ஷூ பெண்ட், கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளைவதை மேலிருந்தே பார்க்கலாம். நாங்கள் அந்த அக்டோபரில் டோட்ஸ்டூல்ஸுக்குத்தான் போனோம். கோபித்துக்கொண்ட நண்பர் மூன்றரை வருடம் கழித்து மே மாதத்தில் மறுபடி வந்தார். செஸ்பூலில் கிளிப்பைத் திறக்க முடியாமல் நின்றவர் அவர்தான்.